கணப்புக்கு ஒரு முகப்பு

குளிர்காய நெருப்பு மூட்ட, சுவரில் ஒரு குழியும் புகை போக ஒரு வழியும் போதும். அந்தக் குழியைச் சுற்றிப் பழைய ரோமக் கோயிலின் வாசலையே எழுப்பிப் பார்த்தார்கள் 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கட்டடக் கலைஞர்கள். அவர்களில் ராபர்ட் ஆடம் காகிதத்தில் வரைந்த கணப்பு முகப்புகளே எனக்கு உச்சம்.

1757-ல் ஸ்பிளிட் நகரில் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் அரண்மனையின் இடிபாடுகளை அளந்து வரைய வைத்தவர் அவர். அப்படி ரோமக் கட்டடத்தை நேரில் கற்ற அவருடைய கணப்பு முகப்பு என்று பார்த்தால் இரண்டு தூண், மேலே ஓர் உத்தரம், அதன்மேல் பலகை, அவ்வளவுதான். உத்தரத்தின் நடுவே சிறு பலகைச் சிற்பம், இருபுறமும் தாழி, ஆட்டுக்கடாத் தலை, தொங்கும் மாலை. மெல்லிய மைக்கோட்டின் ஓரத்தில் நீர்த்த சாம்பல் வண்ணத்தை ஓடவிட்டு, விரற்கடை ஆழமுள்ள புடைப்பைக் கண்ணுக்குக் காட்டிவிடுகிறார். இத்தனை நுணுக்கமும் நடுவிலுள்ள வெற்றிடத்துக்காகத்தான். அந்தத் திறப்பின் அகலமும் உயரமும் சரியாக அமைந்ததால்தான் மாலையும் தாழியும் அழகாகின்றன.

இத்தாலியக் கலைஞர் பிரனேசி 1769-ல் வெளியிட்ட கணப்பு வடிவங்களில் எகிப்திய உருவங்கள்கூட நெருக்கியடிக்கும். கற்பனை அபாரம்தான், ஆனால் கண்ணுக்கு இளைப்பாற இடமில்லை. கோவையை அடுத்த பேரூர்க் கோயிலின் கனகசபையிலும் சிற்பம் அடர்ந்தே இருக்கிறது. ஆனாலும் அங்கே பீடம், தூண், போதிகை, உத்தரம் என்ற வரிசை குலைவதில்லை. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஆடமின் ஒழுங்கு உடனே பிடிபடும்.

தூணும் உத்தரமுமான இந்த ஐரோப்பியப் பாணி சென்னைக்கு 1802-லேயே வந்துவிட்டது. இன்றைய ராஜாஜி மண்டபம் அதற்குச் சாட்சி. அங்குள்ள வெயிலில் கணப்புக்கு என்ன வேலை? அதற்கு வேலை வந்தது நீலகிரியில். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-ல் உதகையில் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கியபோது, அந்த மலை கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் உதகையிலும் குன்னூரிலும் எழுந்த பங்களாக்களின் கணப்புகளில் ஆடமின் சிற்பச் செழுமையைத் தேடக்கூடாது. தூண், உத்தரம், பலகை என்ற எலும்புக்கூட்டைத் தேடலாம்.

அடுத்த முறை மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறிப் பழைய பங்களாவில் தங்கினால், விறகு அடுக்கும் முன் நாலடி பின்னால் நின்று அந்த முகப்பைப் பாருங்கள். ஆடமின் கோடுகளையே காண விரும்பினால், அவர் அலுவலகத்தின் வரைபடங்கள் 8,000-க்கும் மேல் லண்டனில் சர் ஜான் சோன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1833-ல் கட்டடக் கலைஞர் சோன் விலைகொடுத்து வாங்கியவை.