முதலூரில் எதைப் பார்ப்பது?

சாத்தான்குளத்தைச் சுற்றியுள்ள கிறிஸ்தவ ஊர்களுக்கு வருகிறவர்கள் முதலில் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். பனைக்கூட்டத்துக்கு மேலே எழும் மெஞ்ஞானபுரத்துக் கோபுரம் அப்படிப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் கோபுரங்கள் பின்னால் வந்தவை. இந்த ஊர்களை ரசிக்க வேண்டுமானால் அவற்றின் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு முதலூரே சரியான இடம். இங்கே கிறிஸ்துவைப் பின்பற்றியவர்கள் எதை விட்டார்கள், எதை விடவில்லை என்ற ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். லோத்தின் மனைவி திரும்பிப் பார்த்து உப்புத்தூணான கதையைச் சொல்லி, பழையதை முற்றிலும் மறப்பதே விசுவாசம் என்று பிரசங்கம் செய்வது வழக்கம். இந்த மண்ணின் வரலாறு அந்தப் பிரசங்கத்தோடு முழுக்க ஒத்துப்போகவில்லை.

சாத்தான்குளம் பக்கத்துக்காரரான சின்னமுத்து, தஞ்சாவூரில் கிறிஸ்தவராகி, தாவீது சுந்தரானந்தம் என்ற பெயருடன் உபதேசியாராகத் திரும்பி வந்தார். அவர் சொல் கேட்டுச் சேர்ந்த பனையேறிக் குடும்பங்கள் சொந்த ஊரில் இருக்க முடியாமல் துரத்தப்பட்டன. பாளையங்கோட்டையில் இருந்த ஆங்கிலப் படை அதிகாரி ஒருவர் கொடுத்த பணத்தில் நிலம் வாங்கி, 1799-இல் அவர்களைக் குடியமர்த்திய இடம்தான் முதலூர். வீடு, கிணறு, குலதெய்வம், கொடை விழா எல்லாம் ஒரே நாளில் போயின. ஆனால் பனை போகவில்லை, பிழைப்பு அதுதானே. ஊர்க் கட்டுப்பாடும் போகவில்லை. எதிரிகளைச் சமாளிக்கத் தாவீது தடிக்கம்புக்காரர்களையே திரட்டினார் என்பார்கள். சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள் என்று போதிக்கும் சபையில் இது கொஞ்சம் நெருடத்தான் செய்யும்.

இதை அரைகுறை மனமாற்றம் என்று சிலர் ஒதுக்கக்கூடும். வேதாகமமே அவர்களுக்குப் பதில் சொல்கிறது. எகிப்தை விட்டு அவசர அவசரமாகப் புறப்பட்ட இஸ்ரவேலர், யோசேப்பின் எலும்புகளை மறக்காமல் எடுத்துக்கொண்டார்கள். அடிமைத்தனத்தை விட்டவர்கள் முன்னோரை விடவில்லை. ஆக, எதைச் சுமப்பது என்று தேர்ந்தெடுப்பதும் விடுதலையின் ஒரு பகுதியே. இந்தக் கண்ணோடு அறுப்பின் பண்டிகைக்குப் போய்ப் பாருங்கள். ஆராதனை முடிந்ததும் ஆலயத்துக்கு வெளியே ஏலம் தொடங்கும். வாழைத்தார், தேங்காய், முருங்கைக்காய், கருப்பட்டி, காலைக் கட்டிய சேவல் என்று வரிசையாக வரும். ஐம்பது ரூபாய்ப் பொருளை ஐந்நூறுக்குக் கேட்டு, வாங்கினவரே மறுபடி ஏலத்துக்கு விட்டுவிடுவதும் உண்டு. பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்தில் ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும்போது, பழைய கொடை விழாவின் கூட்டுச் சாப்பாடு எங்கே போனது என்று கேட்கத் தோன்றாது. (முதலூருக்கு வெளியூரில் பேர் வாங்கித் தந்தது என்னவோ மஸ்கோத் அல்வாதான். அதையும் வாங்கிக்கொள்ளலாம்.)

அடைக்கலத்துக்காகத்தானே சேர்ந்தார்கள், இதில் தேவன் எங்கே வந்தார் என்பது இன்னொரு கேள்வி. பாதுகாப்பும் ஒரு காரணம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பாதுகாப்பு மட்டும் தேவைப்பட்டவனுக்கு இன்னும் சுலபமான வழி இருந்தது: பழைய தெய்வமான மாடனுக்கு ஒரு கிடா வெட்டிவிட்டு ஊரோடு சேர்ந்துவிடலாம். அப்படித் திரும்பிப் போனவர்களும் இருந்தார்கள். திரும்பாமல் இருந்தவர்களை வைத்துத்தான் இந்தக் கேள்வியை எடைபோட வேண்டும்.

இதைவிடக் கடுமையான கேள்வியை எழுப்பியவர் உள்ளேயிருந்தே வந்தார். பனையேறும் நாடார்களைப் பற்றி 1849-இல் மிஷனரி கால்டுவெல் எழுதிய நூல் உண்டாக்கிய கோபத்தோடு, நாசரேத்துக்கு அடுத்த பிரகாசபுரத்தில் 1857-இல் தனிச் சபை கண்ட சட்டாம்பிள்ளை அவர். நாங்கள் மட்டும் பழையதை விட வேண்டும், துரைமார் தங்கள் பழையதை எங்கள் தலையில் கட்டலாமா என்பதே அவர் வாதத்தின் சாரம். ஞாயிறை விட்டுச் சனிக்கிழமையை ஓய்வுநாளாக்கினார். வெள்ளைக்காரர் வழக்கத்தைத் தள்ளி நேரே வேதாகம இஸ்ரவேலரிடம் போனார். அவர் முடிவுகள் எல்லாம் சரியென்று நான் சொல்ல மாட்டேன். கேள்வி மட்டும் நியாயமானது. மிஷன் வரலாற்றை மெச்சுகிறவர்கள் அதைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள்.

மிஷனின் கணக்கில் இன்னொரு பெரிய பற்றும் உண்டு. மாடனை விடு என்று கண்டிப்பாகச் சொன்ன சபை, சாதியை அதே கண்டிப்போடு விடவைக்கவில்லை. கல்யாணப் பேச்சிலும் சபைத் தேர்தலிலும் அது இன்றும் உட்கார்ந்திருக்கிறது. எலும்புகளைச் சுமந்தது சரி, சங்கிலியையும் சேர்த்துச் சுமந்தார்களே என்று ஒருவர் கேட்டால் என்னிடம் மறுப்பு இல்லை. அதையும் சேர்த்துப் பார்ப்பதே ரசனை. இல்லாவிட்டால் அது சுற்றுலா. ஊரைப் பார்த்த பிறகு எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தை எடுங்கள். நெல்லைச் சீமையின் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-இல் ஞானஸ்நானம் பெற்றவர், ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் கதையில் நாச நகரத்தை விட்டு ஓடும் பயணியை 1894-இல் வெளியான இந்தக் காவியத்தில் கம்பனின் விருத்த நடையில் நடக்கவிட்டார். வீட்டைவிட்டு அவன் கிளம்பும் பகுதியை வாய்விட்டுப் படியுங்கள். நாமத்தை அழித்த கை எந்தத் தமிழை அழிக்கவில்லை என்பது காதுக்கே தெரிந்துவிடும்.