இருட்டில் எழுதிய நாட்குறிப்பு

தனிமையில் காலம் என்ன ஆகிறது என்ற கேள்விக்கு நம் சிறுபத்திரிகை வட்டாரத்தில் ஒரு தயார்ப் பதில் உண்டு. கடிகாரக் காலம் வெளியுலகின் சௌகரியத்துக்காக ஏற்பட்டது. மனிதன் தனித்து விடப்படும்போதுதான் அவனுடைய அகக்காலம், அசலான காலம், விழித்துக்கொள்கிறது என்பது. 1889இல் பெர்க்ஸன் எழுதியதன் பத்தாவது எதிரொலி இது. நனவோடை பற்றி எழுதுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. நானும் சொல்லியிருக்கிறேன். மிஷேல் ஸிஃப்ர் என்ற பிரெஞ்சுக்காரரின் குகைவாசத்தைப் பற்றிப் படித்தபின் அதை இனி அவ்வளவு சுலபமாக எழுதிவிட முடியாது என்று படுகிறது.

2024இல் காலமான ஸிஃப்ர் இலக்கியவாதி அல்ல, நிலவியல்காரர். 1962 ஜூலை 18ஆம் தேதி, தம் 23ஆவது வயதில், ஆல்ப்ஸ் மலையில் ஸ்கராஸன் என்ற பாதாளக் குகைக்குள் இறங்கினார். நூறு மீட்டருக்கும் மேலான ஆழம். பக்கத்தில் நிலத்தடிப் பனிப்பாறை. அங்கே கூடாரம் அடித்துக்கொண்டு இரண்டு மாதம் கடிகாரம் இல்லாமல் வாழ்ந்தார். கால் ஈரம் காயவே இல்லை. உடல் வெப்பம் 34 டிகிரிவரை இறங்கியது. குகை வாசலில் நண்பர்கள் சிலர் முறைவைத்துக் காத்திருந்தார்கள். நடுவில் ஒரு தொலைபேசிக் கம்பி. எழுந்தாலும், சாப்பிட்டாலும், படுக்கப் போனாலும் இவர் மேலே கூப்பிட்டுச் சொல்லவேண்டும். அவர்கள் நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். ஆனால் மணி என்ன என்று சொல்லமாட்டார்கள்; அவர்களாகக் கூப்பிடவும் கூடாது. செப்டம்பர் 14ஆம் தேதி, சோதனை முடிந்தது, ஏறி வரலாம் என்றார்கள். அவருடைய நாட்குறிப்பில் அன்று ஆகஸ்ட் 20. இன்னும் ஒரு மாதம் உள்ளே இருக்கவேண்டும் என்று எண்ணியிருந்தார்.

ஆக, இங்கே இரண்டு பிரதிகள். ஒன்று கீழே அவர் எழுதிய நாட்குறிப்பு. மற்றது மேலே இருந்தவர்கள் குறித்துவைத்த பதிவு. உணர்ச்சியற்ற வெறும் மணிக் கணக்கு. (நாள் முழுக்கத் தேதி முத்திரை குத்துகிற உத்தியோகம் எனக்கு, இரண்டாவதன் மேல் எனக்குக் கொஞ்சம் பட்சபாதம் இருக்கலாம்.) அதைக் கூட்டிப் பார்த்தபோது அவருடைய உறக்கமும் விழிப்பும் சேர்ந்த ஒரு சுற்று சராசரி 24 மணி 31 நிமிஷம் என்று தெரிந்தது. சூரியனைக் காணாத உடம்பு தன் கணக்கை ஏறக்குறையச் சரியாகவே வைத்திருந்திருக்கிறது. முழு இரவுத் தூக்கத்தைக் குட்டித் தூக்கம் என்று எழுதிக்கொண்டது அவருடைய பிரக்ஞைதான். நம் விமர்சனத்தில் எதற்கு முதல் மரியாதை தருகிறோமோ, அது.

பிழை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது முக்கியம். தனியாக இருப்பவனுக்கு ஒரு நாள் ஒரு யுகம் என்று நாம் கதைகளில் எழுதுகிறோம். இங்கே 58 நாள் சுமார் 33 நாளாகச் சுருங்கிவிட்டது. தாமஸ் மன் இதைக் குகைக்குள் இறங்காமலே கண்டுகொண்டவர். 1924இல் வந்த 'மாய மலை' நாவலில், மூன்று வாரத்துக்கென்று சானடோரியம் போனவன் ஏழு வருஷம் தங்கிவிடுகிறான். மாறுதலற்ற வாழ்க்கையில் தனித்தனி மணிகள் இழுபட்டாலும் மொத்தக் காலம் சுருங்கி ஒன்றுமில்லாமல் போகிறது என்று மன் கதையை நிறுத்திவைத்தே விவாதிக்கிறார். நனவோடையைப் பிடித்துக்கொண்ட நாம் இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விட்டோம்.

இதைவிடச் சங்கடமானது ஸிஃப்ரின் 1972 அனுபவம். டெக்ஸாஸில் ஒரு குகையில் 205 நாள். இம்முறை உடம்பும் சில சமயம் நழுவி, அவருடைய ஒரு 'நாள்' 48 மணி நேரமாக நீண்டது. பின்னாளில், அந்த இரட்டை நாட்களைத் தாம் வேறுமாதிரி உணர்ந்ததற்கு அடையாளம் உண்டா என்று தம் நாட்குறிப்பிலேயே தேடியிருக்கிறார். இல்லை. இரண்டு நாள் நீண்ட நாளும் ஒற்றை நாளும் அதில் ஒரே மாதிரி எழுதப்பட்டிருந்தன. உள்ளிருந்து எழுதுபவனின் வசனத்தில் காலத்தின் சுவடு விழும் என்பதுதானே நம் நம்பிக்கையின் அஸ்திவாரம்?

அந்தக் குகைவாசத்தில் என் மனசில் நிற்கிற சம்பவம் ஒன்று. பல மாதங்களுக்குப் பிறகு ஒரு எலி நடமாட்டம் தெரிகிறது. துணைக்கு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு ஜாம் வைத்து ஒரு பாத்திரத்தால் மூடிப் பிடிக்கப் பார்க்கிறார். விளிம்பு பட்டு எலி செத்துப்போகிறது. நாட்கள் ஒன்றையொன்று தின்றுவிட்ட அந்த இடத்தில் அது மட்டும் ஒரு நாளாக நிற்கிறது. இன்னொரு உயிர் வந்து போயிருக்கிறது, அவ்வளவுதான்.

குளிரும் அவதியும்தான் அவரைக் குழப்பின என்று நண்பர் ஒருவர் ஆட்சேபித்தார். நியாயம்தான். ஆனால் ஸ்பெயினில் பெயாட்ரிஸ் ஃப்ளாமினி 2021 நவம்பரில் குகைக்குள் போய் 2023 ஏப்ரலில் வெளியே வந்தார். 500 நாள், கருவிப் பழுதால் நடுவில் சில நாள் மேலே வந்து, அப்போதும் யாரையும் பார்க்காமல் கூடாரத்தில் இருந்தாராம். அவர் சந்தோஷமாகவே இருந்திருக்கிறார். அறுபது புத்தகம் படித்தார். அழைக்கப் போனபோது, அதற்குள்ளா, கையிலிருக்கும் புத்தகம் முடியவில்லையே என்றார். அவர் கணக்கில் கழிந்தது 160, 170 நாள். வாசகர்களாகிய நமக்கு இது ஆறுதலா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அகக்காலம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அது தன் பிழையைத் தானே கண்டுபிடிக்க முடியாத ஒன்று. அதைக் கதையின் ஒரே சாட்சியாக்குகிற எழுத்தாளன் இதைத் தெரிந்து செய்யவேண்டும் என்கிறேன். ஸ்கராஸனில் ஸிஃப்ர் தொலைபேசியில் பேசும்போது ஒரு சின்னப் பரீட்சை உண்டு. ஒன்றிலிருந்து 120வரை, விநாடிக்கு ஒரு எண்ணாக எண்ணவேண்டும். நிதானமாக எண்ணி முடித்தார். இரண்டு நிமிஷம் என்பது அவர் நினைப்பு. மேலே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஐந்து நிமிஷம் என்று குறித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டார்.