ஏரியின் ஆழத்தில் ஓர் ஆன்ம சோதனை

துப்பறியும் கதைகளுக்கும் குருக்களுக்கும் பழைய உறவொன்று உண்டு. விவிலியத்தை ஆங்கிலத்தில் தனியொருவராக மொழிபெயர்த்த ரோனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கக் குரு, துப்பறியும் கதைகளும் எழுதியவர். அத்தகைய கதைகளுக்கென 1929இல் பாதி வேடிக்கையாகப் பத்து விதிகளையும் வகுத்தார். துப்பறிபவரே குற்றவாளியாக இருத்தலாகாது என்பது அவற்றுள் ஒன்று. இவ்விதியை மீறியதனாலேயே ஒரு நாவல் மேன்மை பெறக்கூடும் என்பதற்குக் கனடிய எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் 1972இல் வெளியிட்ட 'சர்ஃபேசிங்' நல்ல சான்று. நீரின் ஆழத்திலிருந்து மேலெழுதல் என்று அத்தலைப்பிற்குப் பொருள் கொள்ளலாம்.

ஒட்டாவாவில் 1939இல் பிறந்த அட்வுட், பூச்சியியல் அறிஞரான தம் தந்தையுடன் இளமையின் பெரும்பகுதியைக் கியூபெக்கின் வடபகுதிக் காடுகளில் கழித்தவர். நாவலின் களமும் அதுவே. ஏரி நடுவே ஒரு தீவு, தீவில் ஒரு மரவீடு. அங்குத் தனியே வாழ்ந்த தந்தையைக் காணவில்லை என்று அண்டை வீட்டு முதியவர் பால் கடிதம் எழுத, மகள் தேடி வருகிறாள். அவளுடன் அவளது நண்பன் ஜோவும், டேவிட், அன்னா என்ற தம்பதியரும் வருகின்றனர். கதை முழுவதையும் சொல்பவள் இம்மகளே. எனினும் அவளுடைய பெயர் நமக்குக் கடைசிவரை தெரிவிக்கப்படுவதில்லை.

தந்தையின் தாள்களில் விசித்திரமான உருவங்கள் வரையப்பட்டிருக்கின்றன. தனிமையில் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என அவள் அஞ்சுகிறாள். பின்னர் கிடைக்கும் ஒரு கடிதம், அவை பழங்குடி மக்களின் பாறை ஓவியங்களைப் பார்த்து வரைந்த பிரதிகள் என உணர்த்துகிறது. பித்தம் எனத் தோன்றியது ஆராய்ச்சியாய் முடிகிறது. சான்றைத் தவறாகப் படித்தல் என்னும் இவ்வுத்தியை அட்வுட் திரும்பத் திரும்பக் கையாளுகிறார். காட்டுவழியில் ஒரு நாரை வீணே கொல்லப்பட்டு மரத்தில் தொங்கவிடப்பட்டிருக்கிறது. இது அமெரிக்கரின் வேலை என்று நால்வரும் பொருமுகின்றனர். எதிர்ப்பட்ட அந்த 'அமெரிக்கர்' கனடியரே என்று பிறகு தெரியவருகிறது. கொடுமை எல்லைக்கு அப்பாலிருந்துதான் வரும் என்ற எண்ணத்தின் வேர் அங்கேயே அறுபடுகிறது. நாரையைக் கண்டும் ஒன்றும் செய்யாதிருந்த தானும் உடந்தையே என அவள் உணரும் பக்கங்கள் எந்த மறையுரையிலும் எளிதில் கிட்டாதவை.

நாவலின் உச்சம் நீருக்கடியில் நிகழ்கிறது. அணை கட்டப்பட்டு ஏரியின் மட்டம் உயர்ந்திருப்பதால் ஓவியம் மூழ்கியிருக்கும் எனக் கருதி அவள் பாறையோரம் மூழ்குகிறாள். ஓவியம் இல்லை, உயிரற்ற ஏதோ ஒன்று நிழலாய் அவளை நோக்கி எழுகிறது. சிறுவயதில் ஏரியில் மூழ்கிய தமையனோ என்று எண்ணுகிறாள். தமையனோ அன்று காப்பாற்றப்பட்டவன். அப்படியானால் இது யார்? அந்தக் கேள்வியில்தான் அவள் நம்மிடம் சொல்லிவந்த வாழ்க்கை வரலாறு முழுவதும் சரிகிறது. தனக்குத் திருமணம் நடந்தது, மணமுறிவு ஏற்பட்டது, குழந்தையைக் கணவனிடம் விட்டுவந்தேன் என்றெல்லாம் அவள் கூறியிருந்தாள். திருமணமே நடக்கவில்லை. அவன் ஏற்கெனவே மணமானவன். அவனுடைய விருப்பத்திற்கு இணங்கி அவள் கருவைக் கலைத்திருந்தாள். அவள் நம்மை ஏமாற்றவில்லை. தாங்க முடியாத ஒன்றின்மேல் தாங்கக்கூடிய ஒரு கதையைப் போர்த்தித் தானே நம்பியிருந்தாள். தந்தையைத் தேடிச் சென்றவள் தன்னைக் கண்டுபிடிக்கிறாள். நாக்ஸின் விதி இவ்வாறு மீறப்படுகிறது. தந்தையின் உடலும் பின்னர் ஏரியில் கிடைக்கிறது. கழுத்தில் தொங்கிய நிழற்படக் கருவியின் பாரமே அவரை மேலெழ விடவில்லையாம்.

கருக்கலைப்பைக் குறித்து அட்வுட் எங்கும் வாதாடவில்லை. கனடா 1969இல் சட்டத்தை ஓரளவு தளர்த்தியிருந்தது. 1988இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தையே செல்லாததாக்கியது. அவ்விவாதத்தில் ஆசிரியை நம் பக்கம் நிற்பவர் அல்லர். அவரைத் திருச்சபையின் சாட்சியாக ஆக்குதல் நேர்மையாகாது. ஆயினும் இழப்பை இழப்பென்று பெயரிடும் துணிவு இந்நாவலுக்கு இருக்கிறது. அகுஸ்தினார் தம் 'ஒப்புதல்கள்' பத்தாம் நூலில் நினைவைப் பரந்த மாளிகையாகக் கண்டார். அம்மாளிகையின் சில அறைகளை மனிதர் உள்ளிருந்தே பூட்டிக்கொள்வதுண்டு. பல ஆண்டுகள் கழித்து, வேறு எதையோ சொல்ல வந்து, இதைச் சொல்லிக் கலங்குவோரை நம் குருக்களில் பலர் சந்தித்திருப்பர். அவர்களுக்குக் கண்டனத்தை விட, நம்பிக்கை இழக்க வேண்டாம் என்ற சொல்லே முதலில் தேவை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995ஆம் ஆண்டின் 'வாழ்வின் நற்செய்தி' மடலில் இத்தகைய பெண்களை நேரடியாக விளித்து எழுதிய பகுதி கனிவு மிக்கது. இப்பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் எல்லாக் குருக்களுக்கும் நிலையாக வழங்கினார். அந்த நாவலின் பெண்ணுக்கோ அப்படிப்பட்ட ஒரு காது இல்லை. ஊர்க் கோயிலை அவள் வெளியிலிருந்தே பார்த்திருக்கிறாள்; பகுத்தறிவாளரான தந்தை பிள்ளைகளைச் சமயத்திலிருந்து விலக்கியே வளர்த்தார். உண்மையைக் கண்ட பின்னும் அவள் அதை ஒருவரிடமும் வாய்திறந்து சொல்வதில்லை.

இங்கேதான் நமக்கு இடறல். இழந்த சிசுவுக்கு ஈடாகப் புதிதாய் ஓர் உயிரைக் கருத்தரிக்க அவள் விழைகிறாள். ஜோ அதற்குக் கருவியாகிறான். ஒரு குழந்தை மற்றொரு குழந்தையின் கடனைத் தீர்க்குமா? பிறக்கப்போகும் உயிரின் தலையில் தாயின் பரிகாரத்தை ஏற்றுவது அந்த உயிருக்கும் நீதியன்று. ஆசிரியை இக்கேள்வியைக் கேட்காமலே கடந்துவிடுகிறார். பழங்குடிகள் குறித்தும் நமக்குக் குறை உண்டு. அவர்களுடைய ஓவியங்களிலிருந்து தெய்வங்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அம்மக்களோ, பழம் பறிக்கப் படகில் வந்துபோன ஒரு குடும்பத்தின் நினைவாக மட்டுமே எஞ்சுகின்றனர். டேவிட்டும் மனிதனாக வளராமல் கேலிச்சித்திரமாகவே நின்றுவிடுகிறான்.

தோழர்கள் சென்றபின் அவள் தீவில் தனித்திருந்து, ஆடை, வீடு, மொழி யாவற்றையும் துறக்கும் பகுதி சிலருக்கு அருவருப்பூட்டலாம். பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம். பறவைகளுக்கு இரையிடும் மறைந்த தாயின் உருவம் அங்கே ஒரு கணம் தோன்றி மறைகிறது. அந்த ஒரு கணத்திற்காகவே இந்நூலை மீண்டும் எடுக்கலாம். முடிவில் ஜோ படகில் திரும்பி வந்து அவளைக் கூப்பிடுகிறான். மரங்களிடையே நின்று அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவன் அழைக்கும் பெயர் நம் காதில் விழுவதில்லை. இன்னும் அவள் ஓரடி எடுத்து வைக்கவுமில்லை.