கேட்பவரின் உரிமை: ‘ஆயிரத்தோர் இரவுகள்’ என்னும் கதையாட்டம் குறித்து

கதை சொல்லுதல் ஒரு கலை என்று ஒப்புக்கொள்ளும் நம்மவர்கள், கதை கேட்டலும் ஒரு கலையே என்பதை எளிதில் மறந்துவிடுகின்றனர். அக்கலையை நினைவூட்டும் விளையாட்டு ஒன்றை, அரபு இலக்கியம் பயிற்றுவிப்போர் என்னும் முறையில் இங்கு மதிப்பிட முனைகிறோம். மெகுவே பேக்கர் என்னும் அமெரிக்கப் பெண்மணி 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஆயிரத்தோர் இரவுகள்’ என்பதே அது.

இவ்வகை ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, வாய்ச்சொல்லாலேயே ஒரு கதையை வளர்ப்பர். மேடையில்லை, ஒப்பனையில்லை, மனப்பாடம் செய்த வசனமும் இல்லை. 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதன் முன்னோடியாகும். போர் விளையாட்டிலிருந்து பிறந்தமையால் அதில் தாக்குதலுக்கும் காயத்துக்கும் கணக்குகள் மிகுதி. பிற்காலத்தார் சிலர் அக்கணக்குகளைக் களைந்து, விதிகளைச் சுருக்கிக் கதைக்கே முதலிடம் தந்தனர். பேக்கரின் ஆட்டம் இவ்வழியைச் சார்ந்தது.

இதில் ஆடுவோர் அனைவரும் ஒரு சுல்தானின் அவையினர். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசை உண்டு. மற்றொருவர்மீது பொறாமையும் உண்டு. முறைவைத்து ஒருவர் கதை சொல்ல, ஏனையோர் அக்கதைக்குள் பாத்திரங்களாகின்றனர். ஆட்டத்தின் நுட்பம் இனிமேல்தான் வருகிறது. ‘அவன் அந்தக் கதவைத் திறப்பானோ?’ என்று கேட்பவர் ஒருவர் வியந்து வினவினால், நடுவிலுள்ள கிண்ணத்திலிருந்து ஒரு பகடையை எடுத்துக்கொள்ளலாம். கதை அவ்வினாவுக்கு விடை கூறிய பின்னரே அப்பகடைக்குப் பயன் உண்டு. விதிகள் மிகச் சிலவே. எனினும் கேட்பவரின் வினாவையே ஆட்டத்தின் செல்வமாக்கிய சிறப்பு இவ்விதிகளுக்கு உண்டு.

இந்நுட்பம் நமக்குப் புதிதன்று. 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ஆயிரம் மசலா முதலாக, வினாவும் விடையுமாகவே நடக்கும் நூல்வகை ஒன்று இஸ்லாமியத் தமிழுக்கு உரியதாயிற்று. ‘மசலா’ என்பது ‘மஸ்அலா’ என்னும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். வினா என்பதே அதன் பொருள். நூறு மசலாவில், இளவரசியின் நூறு வினாக்களுக்கும் விடை கூறுபவனே அவளை மணக்கலாம். வினா இல்லையேல் அங்கும் கதை இல்லை.

ஆவடியை அடுத்த சேக்காட்டில், விடுமுறை நாளொன்றில் மாணவர் சிலரோடு இவ்வாட்டத்தை ஆடிப் பார்த்தோம். பகடை என்றதும் நர்து ஆட்டம் பற்றிய நபிமொழியை ஒரு மாணவர் நினைவூட்டவே, அவற்றுக்குப் பதிலாகப் புளியங்கொட்டைகளை வைத்துக்கொண்டோம். சுவை சிறிதும் குன்றவில்லை. ஆட்டத்தின் உயிர் பகடையில் இல்லை என்பது இதனால் விளங்கிற்று. வகுப்பில் வாய் திறவாத மாணவர் ஒருவர், ‘அந்த ஒட்டகம் யாருடையது?’ என்று கேட்டார். கதை சொன்னவர் அதனை எண்ணியிருக்கவில்லை. அதன்பின் கதை முழுவதும் அந்த ஒட்டகத்தின் பின்னேயே சென்றது.

ஆயினும் நமக்குக் குறையாகத் தோன்றுவன இரண்டு. முதலாவது, அரண்மனைச் சூழல். ‘அல்ஃப லைலா’வில் சுல்தானுக்குக் கதை சொல்லப்படுகிறது என்பது மெய்யே. ஆனால் அக்கதைகளுள் வாழ்வோருள் வணிகரும் மீனவரும் சுமைகூலிகளும் பலர். அலாவுத்தீன் கதையும் அரசவையில் பிறந்ததன்று. ஹலப் நகரத்து ஹன்னா தியாப் 1709இல் பாரிஸில் அந்துவான் கலானுக்கு வாய்மொழியாகச் சொன்னது. ஆடுவோரை அவையினர் என்னும் ஒரே வட்டத்துள் நிறுத்திவிட்டால், அக்கதைகளின் கடைத்தெரு கண்ணுக்கு மறைந்துவிடுகிறது.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. இவ்வாட்டத்தில் ஒவ்வொருவரும் கதை சொல்வது தம் பாதுகாப்புக்காக, தம் ஆசைக்காக, தம் விடுதலைக்காக. மூலநூலின் முதற்கதையை எண்ணிப் பாருங்கள். வணிகன் ஒருவன் எறிந்த பேரீச்சங்கொட்டை பட்டு ஜின்னின் மகன் மாண்டான். பழிவாங்க வந்த ஜின்னின் முன் மூன்று முதியவர்கள் நின்றனர். ‘எம் கதை வியப்புக்குரியதாயின் இவன் குருதியில் மூன்றிலொரு பங்கை எமக்கு விட்டுவிடு’ என்னும் கருத்தில் ஒவ்வொருவரும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். விதி ஒன்றே, தீர்ப்பாளன் கேட்பவனே, ஆட்டம் என்றால் அதுவும் ஓர் ஆட்டமே. ஆனால் அம்மூவருக்கும் அவ்வணிகன் உறவினனும் அல்லன், பழகியவனும் அல்லன். ஷஹ்ரசாதும் தன் உயிரைக் காக்க மட்டும் கதை தொடங்கியவள் அல்லள். அடுத்தடுத்துப் பலியாகவிருந்த பெண்களை மீட்கவே தானாக முன்வந்து சுல்தானை மணந்தாள். பிறர் உயிருக்காகச் சொல்லப்பட்ட கதைகளின் பெயரைத் தாங்கிய ஆட்டம், அவ்வீகையைக் கைவிட்டுப் பொறாமையைக் கைக்கொண்டது வருந்தத்தக்கது.

இதனைத் திருத்தப் புதிய விதிநூல் வேண்டியதில்லை. வினவி ஈட்டிய பகடையைப் பிறர் ஒருவரின் விடுதலைக்கு மட்டுமே செலவிடலாம் என்று ஒரு விதியை மாற்றினால் போதும். அம்மாற்றத்தோடு இவ்வாட்டத்தை அரபுக் கல்லூரிகளின் இலக்கிய மன்றங்கள் தாராளமாக ஆடலாம். பேச்சுப் பயிற்சிக்குப் பல வாய்ப்புகளை நல்கும் நம் மன்றங்கள், செவிமடுத்து வினவும் பயிற்சிக்கு ஒரு மணி நேரத்தையேனும் ஒதுக்குதல் நன்று.