இலக்கிய வகையும் மதிப்பீடும்: ‘அசன்பேயுடைய கதை’யை முன்வைத்து

ஈழத்துத் தமிழ் நாவலின் தோற்றம்பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஆண்டுக் கணக்கோடு அமைந்துவிடுகின்றனர். சித்திலெப்பையின் ‘அசன்பேயுடைய கதை’ 1885இலே வெளிவந்தது. திருகோணமலைச் சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இலே வெளிவந்தது. ஆதலின் முன்னதே முதல் நாவல் என்பர். அது நாவலே அன்று என மறுப்பாரும் உளர். இரு சாராரும் ‘நாவல்’ என்னும் பெயரைப் பட்டமாகக் கருதுகின்றனரேயன்றி, நூலை அணுகும் முறையொன்றைச் சுட்டுவதாகக் கருதுவதில்லை.

இலக்கிய வகை என்பது ஆசிரியனுக்கும் வாசகனுக்குமிடையே நிலவும் ஓர் உடன்பாடாகும். அந்தாதியிலே கதை வளர்ச்சியை எவரும் தேடார். பரணியிலே பேய்கள் கூழடுவதை நம்பத்தகாதது என எவரும் தள்ளார். உரைநடைக் கதைக்கு வரும்போது மாத்திரம் இவ்விவேகம் நம்மைக் கைவிட்டுவிடுகின்றது.

எகிப்திலே பிறந்து, உற்றாரைப் பிரிந்து, பம்பாய், கல்கத்தா என அலைந்து, ஈற்றிலே தன் குடும்பத்தைச் சேரும் ஒருவனின் கதையே அசன்பேயினது. தற்செயல் நிகழ்ச்சிகளே அதனை நடத்திச் செல்கின்றன. பாத்திரத்தின் அகப்போராட்டத்தை எதிர்பார்த்து நூலைத் திறப்போர் ஏமாறுவர். ஆனால் அக்குறை நூலினதன்று. பிரிந்த குழந்தை குலமறிந்து மீள்வது வீரசாகசக் கதையின் நெடுநாள் வழக்கு.

எனினும், வகையை இனங்கண்டதோடு ஆராய்ச்சி முற்றுப்பெற்றுவிடாது. உண்மையில் அங்குதான் அது தொடங்குகின்றது. ஆங்கிலேயரிடம் தோல்வியுற்ற ஒராபி பாஷா எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883இலே இலங்கைக்குக் கொணரப்பட்டார். ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை நடத்திய சித்திலெப்பை, முஸ்லிம்களின் கல்விக்காக அவரோடு சேர்ந்து உழைத்தவர். ஈராண்டின் பின் எழுந்த இக்கதையிலே எகிப்து ஏழுகடல் கடந்த மாயநாடாக இருத்தல் இயலாது. வாசகர் பத்திரிகையிற் படித்த நாடு அது. சாகசக் கதையின் பழைய சட்டகத்தினுள்ளே, கப்பலும் வணிகமும் ஆதிக்கமும் பிணைத்துவிட்ட அன்றைய உலகம் புகுந்துள்ளது. சட்டகம் அதனைத் தாங்கமாட்டாது ஆங்காங்கே நெகிழ்கின்றது. அந்நெகிழ்வையே நான் இந்நூலின் சிறப்பாகக் கொள்வேன். குறையென ஒதுக்கும் திறனாய்வுக்கு அது புலப்படாது. முதல் நாவலெனக் கொண்டாடும் திறனாய்வுக்கும் அது வேண்டப்படாததே.

பத்தாண்டின் பின் வந்த ‘மோகனாங்கி’யோ தமிழகத்து நாயக்கர் காலத்துக்குத் திரும்பிச் செல்கின்றது. வரலாற்றுச் செய்திகளைக் கதையாக்க முயலும் அந்நூலிலே ஆசிரியரின் சமகாலம் எவ்வழியாக நுழைகின்றது என்பது தனியே ஆராயத்தக்கது.