பிரின்டர் தீப்பற்றி எரிகிறது

ஓர் இரவு, பழைய ஹார்ட் டிஸ்க்கை என் லினக்ஸ் லேப்டாப்பில் செருகினேன். எதுவும் திறக்கவில்லை. கர்னல் லாகைப் பார்த்தால் ஒரே வரி திரும்பத் திரும்ப: ‘டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட், எரர் -71’. டிஸ்க் செத்துப்போச்சு என்றுதான் நினைத்தேன். அப்பாவின் கடைசிப் படங்கள் அதில்தான் இருந்தன. தூக்கம் வரவில்லை. காலையில் நண்பன் வந்து கேபிளை மாற்றினான். அவ்வளவுதான்.

அந்த வரி பொய் சொல்லவில்லை. -71 என்றால் இரு பக்கமும் பேச்சு ஒழுங்காக நடக்கவில்லை என்று மட்டுமே பொருள். காரணம் கேபிளா, போர்ட்டா, மின்சாரம் போதவில்லையா, டிஸ்க்கேதானா, டிரைவருக்குத் தெரியாது. ஆனால் வாக்கியத்தில் கண்ணில் படுவது ‘டிவைஸ்’ என்ற சொல்தான். படிக்கிறவர் குற்றவாளியை அங்கேயே முடிவு செய்துவிடுகிறார்.

நம்பகமற்ற கதைசொல்லியைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். நாவலில் அது உத்தி. டிரைவரில் அது பெரும்பாலும் கவனக்குறைவு.

லினக்ஸின் பிரின்டர் டிரைவரில் ஒரு புகழ்பெற்ற வரி உண்டு: ‘எல்பி0 ஆன் ஃபயர்’. பிரின்டர் தீப்பற்றி எரிகிறதாம்! கோடைப் பார்த்தால் விஷயம் சாதாரணம். காகிதம் இருக்கிறது, பிரின்டர் ஆன்லைனில் இருக்கிறது, ஆனாலும் ஏதோ பிழை என்று சிக்னல் வருகிறது. ‘என்னவென்று தெரியவில்லை’ என்று எழுத வேண்டிய இடத்தில் தீ வைத்துவிட்டார்கள். எனக்கு இதில் பெரிய கோபமில்லை, யாரும் நம்பப்போவதில்லை. அதே ஃபங்ஷனில் சில வரிகள் மேலே இருப்பதுதான் ஆபத்து. காகிதம் தீர்ந்தால் லாகில் சரியாகவே எழுதுகிறது. ஆனால் அச்சடிக்கச் சொன்ன நிரலுக்குத் திருப்பித் தரும் பிழை, ‘சாதனத்தில் இடமில்லை’. நிரல் அதை அப்படியே காட்டினால், பாவம், பயனர் ஃபைல்களை அழிக்கப் போய்விடுவார். நம்பும்படியான பொய்தான் ஆளைக் கெடுக்கும்.

2020இல் இரண்டு நல்ல திருத்தங்கள் வந்தன. கர்னல் 5.5இல், பிழை எண்ணுக்குப் பதில் அதன் பெயரை அச்சிடும் வசதி. 5.9இல், ‘டெவ் எர் ப்ரோப்’ என்ற ஃபங்ஷன். அதற்கு முன், பூட் ஆகும்போது தனக்குத் தேவையான இன்னொரு பாகம் தயாராகவில்லை என்றால் பல டிரைவர்கள் ‘ஃபெயில்டு, -517’ என்று அலறும். -517க்கு அர்த்தம் ‘அப்புறம் வர்றேன்’. கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாக ஓடும். இந்த ஃபங்ஷனைப் பயன்படுத்தும் டிரைவர்கள் காத்திருப்பதைப் பிழையென்று எழுதுவதில்லை. காரணத்தை மட்டும் குறித்துவைக்கின்றன. இது நல்ல எடிட்டரின் வேலை.

பெயர் அச்சிடும் வசதியில்தான் எனக்குக் குறை. -71 இருந்த இடத்தில் ‘ஈப்ரோட்டோ’ என்று வந்தால் எனக்கு என்ன புரியும்? ‘சரியான பதில் வரவில்லை, முதலில் கேபிளையும் போர்ட்டையும் பாருங்கள்’ என்று ஒரு வரி போதும். பார்த்ததைச் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடும் வரி அது.

லாக் டெவலப்பருக்காக எழுதப்படுவது என்பார்கள். இருக்கலாம். அன்று ராத்திரி அதைப் படித்துக்கொண்டிருந்தது நான்தான்.