தலையில் அடிபட்டவரிடம் தீர்ப்புக் கேட்கலாமா?

2019 பெப்ரவரியில் கன்பராவில் நடந்த டெஸ்ட் ஆட்டத்தில் ஜாய் ரிச்சர்ட்சனின் பந்து குசல் பெரேராவின் தலைக்கவசத்தில் பட்டது. அவர் துடுப்பாட்டத்தைத் தொடர்ந்தார். சற்று நேரத்தில் முடியாமல் வெளியேறினார். 2022 பெப்ரவரியில் மகளிர் உலகக் கிண்ணத்துக்கு முந்திய பயிற்சி ஆட்டத்தில், ஷப்னிம் இஸ்மாயிலின் பந்து ஸ்மிருதி மந்தனாவின் தலையைத் தாக்கியது. பரிசோதித்த அணி மருத்துவர் முதலில் ஆடலாம் என்றார். ஒன்றரை ஓவருக்குள் மந்தனா திரும்பிப் போனார். ஒருவர் ஆண், மற்றவர் பெண். இருவரும் எதையும் மறைத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. மூளையதிர்ச்சியின் அறிகுறி பிந்தியும் வரும். அதைவிட, தன் நிலை எப்படி என்று சொல்ல வேண்டிய உறுப்பே அங்கே அடிபட்டிருக்கிறது. மருத்துவர் பக்கத்தில் நின்ற ஆட்டங்களிலேயே இதுதான் நிலை என்றால், எங்கள் உரும்பிராயில் ஒரு பாடசாலை மைதானத்தில் “ஒண்டுமில்லை சேர், நான் விளையாடுவன்” என்ற ஒரு சொல்லை நம்பிப் பிள்ளையைத் திரும்ப ஆட்டத்துக்குள் அனுப்புவது எவ்வளவு பெரிய ஆபத்து!

பொடியள் மறைப்பார்கள், பெட்டையள் சொல்லிவிடுவார்கள் என்பது பொதுவான எண்ணம். அதற்கு ஆதாரமும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடும் உயர்பாடசாலை மாணவர் 1,532 பேரிடம் நடத்திய ஆய்வு 2004இல் வெளியானது. அந்தப் பருவத்தில் மூளையதிர்ச்சிக்கு ஆளானவர்களில் 47.3 சதவீதத்தினரே அதை யாரிடமாவது சொல்லியிருந்தார்கள். சொல்லாதவர்களில் பெரும்பாலோர் கூறிய காரணம், “அது பெரிய காயமாகத் தெரியவில்லை” என்பது. ஆட்டத்தை விட்டுப்போக மனமில்லை என்றவர்களும் பலர். பின்னர் இருபாலாரையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், அறிகுறிகளைப் பற்றிய அறிவும் சொல்லும் மனமும் மாணவிகளிடமே கூடுதலாக இருந்தன. வலியைத் தாங்குவதுதான் ஆண்மை என்று சிறுவயதிலேயே ஊட்டி வளர்த்ததன் விளைவு இது.

ஆனால் கதையை இங்கே முடித்தால் பாதி உண்மைதான் கிடைக்கும். மிச்சிகன் மாநிலத்தில் உதைபந்தாட்டம் ஆடிய எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவ மாணவியரின் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வில், மாணவியருக்கு மூளையதிர்ச்சி ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. ஆனால் அடிபட்ட அன்றே ஆட்டத்திலிருந்து எடுக்கப்படும் வாய்ப்பு மாணவருக்கே ஒன்றரை மடங்கு அதிகம். காயம் வந்த வழியும் வேறு: மாணவர் பெரும்பாலும் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டார்கள், மாணவியருக்குப் பந்தோ கோல் கம்பமோ பட்டது. இருவர் மோதி விழுந்தால் மைதானமே எழுந்து பார்க்கும். பந்து தலையில் பட்டு ஒரு பிள்ளை இரண்டு அடி தள்ளாடி நின்றால் யார் கவனிப்பார்? அந்தக் கவனக்குறைவுக்கு விலை உண்டு. அடிபட்டபின் தொடர்ந்து ஆடியவர்கள் குணமாகச் சராசரியாக 44 நாட்களும், உடனே வெளியேறியவர்கள் 22 நாட்களும் எடுத்ததாக 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது.

பெண்கள் கூடுதலாக முறையிடுவதால்தான் அவர்களுடைய எண்ணிக்கை கூடித் தெரிகிறது என்று சிலர் வாதிடுவார்கள். ஓரளவு அப்படியும் இருக்கலாம். அப்படியானால் வாய்விட்டுச் சொல்லும் பிள்ளைகளையே நாம் பிந்தித்தான் வெளியே எடுக்கிறோம் என்றாகிறது. அது இன்னும் பெரிய தவறு. அமெரிக்க ஆய்வுகளின் முடிவை அப்படியே எங்கள் ஊருக்குப் பொருத்தவும் முடியாது. இங்கும் பெண்கள் விளையாட்டில் சாதிக்கிறார்கள். உரும்பிராய்க்குப் பக்கத்துப் புன்னாலைக்கட்டுவனிலிருந்து தர்ஜினி சிவலிங்கம் தேசிய வலைப்பந்தாட்ட அணிக்குப் போனார். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்ட அணி அகில இலங்கைக் கிண்ணங்களை வென்றிருக்கிறது. இருந்தும், பிள்ளைக்குத் தலையில் அடி என்று கேள்விப்பட்டதும் “இனிப் பந்து வேண்டாம்” என்று முடிவெடுக்கும் வீடுகள் இங்கே இல்லையா? காயத்தைச் சொன்னால் பொடியனுக்குப் போவது ஓர் ஆட்டம்; பெட்டைக்கு விளையாட்டே போய்விடலாம். அந்தப் பயத்தோடு ஆடும் பிள்ளை மறைக்காமல் என்ன செய்யும்?

ஆகவே, தயங்காமல் சொல்லுங்கள் என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வதோடு எங்கள் பொறுப்பு தீராது. முடிவை அவர்கள் தலையிலிருந்து இறக்கி, பெரியவர்கள் சுமக்க வேண்டும். மைதானத்தில் மருத்துவர் இல்லையே என்பது நியாயமான கேள்விதான். ஆனால் ஆட்டத்தை நிறுத்தச் சொல்ல மருத்துவப் பட்டம் தேவையில்லை. எழும்பத் தாமதம், தள்ளாட்டம், வெறித்த பார்வை, வாந்தி ஆகியவற்றைப் பொறுப்பாசிரியர் கண்ணாலேயே காணலாம். இது எந்த மைதானம், இப்போது எந்தப் பாதி, கடைசி கோலை அடித்தது யார் என்று கேட்கலாம். பதில் தடுமாறினால் அன்று ஆட்டம் முடிந்தது. பதில் சரியாக வந்தாலும் சந்தேகம் இருந்தால் முடிந்ததுதான். பிறகு வைத்தியசாலை, மருத்துவர் அனுமதித்த பின்பே படிப்படியாகத் திரும்புதல். நல்ல ஆட்டக்காரரை இழந்து அணி தோற்றுவிடும் என்ற கவலைக்கும் வழி உண்டு. துடுப்பாட்டத்தில் 2019 முதல் மூளையதிர்ச்சிக்கு மாற்று வீரரை இறக்கலாம். லோர்ட்ஸில் ஸ்டீவ் ஸ்மித்துக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் ஆடியது அப்படித்தான். உதைபந்தாட்ட விதிகளும் 2024 முதல், போட்டி நடத்துவோர் விரும்பினால் இதற்கென மேலதிக மாற்றீட்டை அனுமதிக்கின்றன. கோட்ட மட்டம் முதல் மாகாணம் வரை எங்கள் பாடசாலைப் போட்டிகளிலும் கழகச் சுற்றுகளிலும் இதே விதியை எழுதிச் சேர்க்கக் காசு தேவையில்லை. அதோடு, குணமான பிள்ளைக்கு அணியில் இடம் காத்திருக்கும் என்று பயிற்றுநர் பெற்றோரிடம் நேரில் சொல்ல வேண்டும். அந்த உறுதி இருந்தால், காயத்தைச் சொல்வதற்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் தயக்கம் இராது.